மேட்டு நிலத்தில் ஒரு வாடகை வீடு: ஜென்ட்ரிஃபிகேஷன் என்றால் என்ன?

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம். ஊர், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் மியாமி. பகுதியின் பெயர் லிட்டில் ஹெய்ட்டி. இரண்டு அறை கொண்ட தரைத்தள வீடு, பின்னால் ஒரு மாமரம். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு நேர உதவியாளர். அப்பாவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. பள்ளிக்குப் போகும் மகளும் மகனும். அப்புறம் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஹெய்ட்டியின் க்ரியோல் மொழி மட்டும்தான். இந்தக் குடும்பத்தை விளக்கத்துக்காக நான் உருவாக்கிக்கொண்டேன். ஆனால் இவர்களுக்கு நடப்பதாக நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தெருக்களில் வீடு வீடாக நடந்துகொண்டிருப்பதுதான்.

பதினைந்து வருடமாக அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணக்கு புரிவதற்காக வாடகை மாதம் 1,300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிடுகிறார். வாங்கியது ஒரு நிறுவனம். கொஞ்ச நாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகிறது. மகள்தான் படித்துச் சொல்கிறாள்: இனி வாடகை 2,000 டாலர். கூரை முன்பும் ஒழுகியது, இப்போதும் ஒழுகுகிறது. சமையலறைக் குழாயை யாரும் மாற்றவில்லை. சுவரில் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. அப்படியென்றால் இந்த 700 டாலர் எங்கிருந்து வந்தது?

தெருவிலிருந்து வந்தது. வீடு அப்படியே இருக்க, அதைச் சுற்றி இருக்கும் நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது. ஏறிய மதிப்பு நிலத்தின் சொந்தக்காரருக்கு வருமானம், அங்கே குடியிருப்பவருக்குச் செலவு. ஜென்ட்ரிஃபிகேஷன் என்று நகரவியலில் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இது ஏன், எப்படி, யாருக்கு நடக்கிறது என்ற கேள்விகள்.

இந்தச் சொல்லை உருவாக்கியவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். 1964-ல் லண்டனைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய வீடுகளை வசதியானவர்கள் ஒவ்வொன்றாக வாங்கிச் செப்பனிட்டுக் குடியேற, சில வருடங்களில் அந்த வட்டாரத்தின் முகமே மாறிப்போவதை அவர் கவனித்தார். ஜென்ட்ரி என்றால் பழைய இங்கிலாந்தில் நிலபுலன் உள்ள கனவான் வர்க்கம். தமிழில் இதை ‘மேட்டுக்குடியாக்கம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். மியாமியைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது ஒரு காரணம். அங்கே பணம் உள்ளவர்கள் நிஜமாகவே மேட்டு நிலத்தைத் தேடி வருகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வரையறையை எளிமையாகச் சொன்னால்: வசதி குறைந்தவர்கள் வாழும் ஒரு வட்டாரத்துக்குள் பெரிய முதலீடும் அதன் பின்னால் பணம் உள்ளவர்களும் வருகிறார்கள், நிலவிலையும் வாடகையும் ஏறுகின்றன, ஏற்கெனவே இருந்தவர்களால் அங்கே தொடர்ந்து இருக்க முடியாமல் போகிறது. கடைசிப் பகுதிதான் முக்கியம். புதுச் சாலை போடுவதோ பூங்கா வருவதோ மட்டும் ஜென்ட்ரிஃபிகேஷன் ஆகிவிடாது. அந்தச் சாலையில் நடக்கவும் அந்தப் பூங்காவில் உட்காரவும் பழைய குடும்பங்கள் அங்கே மிஞ்சுகின்றனவா என்பதுதான் கேள்வி.

அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்?

ஹெய்ட்டியில் 1957-ல் பிரான்சுவா டுவாலியே ஆட்சிக்கு வந்தார். 1971-ல் அவர் இறந்ததும் மகன் ஜான்-கிளாத் பதவிக்கு வந்தார். 1986 வரை குடும்ப ஆட்சி. எதிர்த்துப் பேசியவர்களைத் தொன்தொன் மக்கூத் என்ற ஆயுதப்படை வேட்டையாடியது. முதலில் படித்தவர்களும் வசதி உள்ளவர்களும் நியூயார்க், மாண்ட்ரியல் என்று போனார்கள். ஏழைகளுக்கு விமான டிக்கெட்டும் இல்லை, விசாவும் இல்லை. 1972 டிசம்பரில் ஒரு மரப்படகு ஹெய்ட்டியர்களை ஏற்றிக்கொண்டு ஃப்ளோரிடாக் கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு படகுகள் நிற்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். வழியில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

வந்தவர்களை அமெரிக்கா வரவேற்கவில்லை. அதே கடலைத் தாண்டி வந்த கியூபர்களை அகதிகள் என்றது. ஹெய்ட்டியர்களைப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று சொல்லித் தடுப்பு முகாமில் அடைத்தது. 1981-லிருந்து கடலிலேயே படகுகளை மறித்துத் திருப்பி அனுப்பவும் ஆரம்பித்தது. மியாமியில் பாதிரியார் ஜெரார் ஜான்-ஜுஸ்ட் ஹெய்ட்டி அகதிகள் மையத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்திலும் தெருவிலும் இதற்காகப் போராடினார். இந்தப் பின்னணியை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. கையில் உறுதியான காகிதம் இல்லாதவர், வீட்டுக்காரரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்லவே யோசிப்பார். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த ஹெய்ட்டியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நிலை கிடைத்தது. அதை ரத்துசெய்யும் முயற்சிகளும் அதன்பின் திரும்பத் திரும்ப வந்தன. அடுத்த வருடம் இந்த நாட்டில் இருப்போமா என்றே தெரியாத குடும்பம் வாடகைத் தகராறில் துணிந்து இறங்காது. வீடு வாங்கக் கடனும் எளிதில் கிடைக்காது.

அப்படி வந்தவர்கள் குடியேறிய இடத்துக்குப் பழைய பெயர் லெமன் சிட்டி. மியாமி நகராட்சி உருவாவதற்கு முன்பே இருந்த குடியிருப்பு அது. வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்விட, வாடகை மலிவாக இருந்தது. ஏறக்குறைய 54-வது தெருவிலிருந்து 79-வது தெரு வரை, மேற்கே பெரிய நெடுஞ்சாலைக்கும் கிழக்கே ரயில் பாதைக்கும் இடையில், பத்துப் பதினைந்து வருடங்களில் ஒரு சின்ன ஹெய்ட்டி முளைத்தது. வித்தேர் ஜுஸ்ட் என்ற வணிகர், சமூகத் தலைவர், உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இந்தப் பகுதியைத் தலைநகரின் பெயரால் ‘லிட்டில் போர்ட்-ஓ-பிரின்ஸ்’ என்று குறிப்பிட்டார். நீளமாக இருக்கிறதென்று பத்திரிகைக்காரர்கள் ‘லிட்டில் ஹெய்ட்டி’ என்று சுருக்கினார்கள். அதுவே நிலைத்துவிட்டது. க்ரியோலில் டி அயிட்டி.

62-வது தெருவில் நோத்ர் தாம் தெய்ட்டி தேவாலயம் வந்தது. பிற்பாடு மியாமியின் பேராயரான தாமஸ் வென்ஸ்கி க்ரியோல் கற்றுக்கொண்டு நீண்ட காலம் பணியாற்றியது இங்கேதான். வடகிழக்கு இரண்டாவது அவென்யூவில் ஜான் மாப்பு தன் புத்தகக் கடையைத் திறந்தார். பிரெஞ்சு, க்ரியோல் புத்தகங்களுக்காகத் தூரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். போர்ட்-ஓ-பிரின்ஸின் இரும்புச் சந்தையை மாதிரியாக வைத்து 1990-ல் கரீபியன் சந்தைக் கட்டடம் எழுந்தது. வறுத்த பன்றி இறைச்சி, காரமான ஊறுகாய், க்ரியோல் வானொலி, பணம் அனுப்பும் கடை, மூலிகைக் கடை என்று ஒரு முழு ஊர். யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன இடத்தில் அந்த மக்கள் தங்கள் கையால் உண்டாக்கியது அது.

நிலம் ஏன் திடீரென்று விலை ஏறியது?

இதைப் புரிந்துகொள்ள ‘வாடகை இடைவெளி’ என்ற கருத்து உதவும். நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் முன்வைத்தது. ஒரு நிலம் இன்றைக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது ஒரு தொகை. அதே நிலத்தில் வேறு எதையாவது கட்டினால் எவ்வளவு சம்பாதிக்கும் என்பது இன்னொரு தொகை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் வாடகை இடைவெளி. நம் குடும்பத்தின் வீடு இன்று மாதம் 1,300 டாலர் தருகிறது. அதை இடித்துவிட்டு அதே மனையில் நாலு வீடு கட்டி ஒவ்வொன்றையும் 2,500 டாலருக்கு விட முடிந்தால் 10,000 டாலர். இந்தப் பள்ளம் சின்னதாக இருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிதாகும்போது பணம் தண்ணீர் மாதிரி அதை நோக்கி ஓடி வரும்.

பழுதுபார்க்காமல் விடுவதும் இந்தப் பள்ளத்தை ஆழப்படுத்தும் என்பதைக் கவனியுங்கள். முப்பது வருடமாக வங்கிகள் கடன் தராமல், வீட்டுக்காரர்கள் கூரையைச் சரிசெய்யாமல் வைத்திருந்ததால்தான் நிலம் அவ்வளவு மலிவாகக் கிடந்தது. புறக்கணிப்பும் படையெடுப்பும் ஒரே கதையின் இரண்டு பாகங்கள். முதல் பாகத்தின் கஷ்டத்தை அனுபவித்தவர்கள் யாரோ அவர்கள்தான் இரண்டாம் பாகத்தில் வெளியேறுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வலிக்கும் விஷயம் இதுதான்.

சரி, லிட்டில் ஹெய்ட்டியில் பள்ளம் பெரிதாகக் காரணம் என்ன? பக்கத்து வீட்டுக் காற்று முதல் காரணம். தெற்கே இருக்கும் வின்வுட், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் வாழ்ந்த தொழிலாளர் பகுதி. 2009-ல் அங்கே கிடங்குச் சுவர்களில் ஓவியம் தீட்டும் திட்டம் வந்தது. பின்னாலேயே உணவகங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. அதற்கும் லிட்டில் ஹெய்ட்டிக்கும் நடுவில் டிசைன் டிஸ்ட்ரிக்ட், உலகின் விலை உயர்ந்த கைப்பை, கைக்கடிகாரக் கடைகள் வரிசைகட்டும் இடமாக மாறியது. அங்கே விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் முதலீட்டாளர்கள் வடக்கே பத்துத் தெரு தள்ளிப் பார்த்தார்கள். நகர மையத்துக்குப் பக்கம், விமான நிலையத்துக்கும் தூரமில்லை, விலை இன்னும் குறைவு.

இரண்டாவது காரணம்தான் மியாமியைத் தனித்துக் காட்டுவது. மியாமி கிட்டத்தட்டத் தட்டையான ஊர். ஆனால் கடற்கரைக்குச் சற்று உள்ளே, கரைக்கு இணையாக, சுண்ணாம்புப் பாறையாலான ஒரு மேடு வடக்கு தெற்காக ஓடுகிறது. மேடு என்றால் மலை இல்லை, சில அடி உயரம். 1896-ல் ஹென்றி ஃப்ளாக்லரின் ரயில் பாதை மியாமியை எட்டியபோது அந்த மேட்டை ஒட்டியே வந்தது. பணக்காரர்கள் தண்ணீர் ஓரத்துக்குப் போனார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் தண்டவாளப் பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். கடற்கரையில் அவர்களால் வீடு வாங்க முடியாத காலம் அது. லிட்டில் ஹெய்ட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 10 அடி உயரத்தில் இருக்கிறது. பளபளக்கும் மியாமி பீச்சில் பல இடங்கள் 4 அடியைச் சுற்றித்தான்.

இப்போது கடல் ஏறுகிறது. இலையுதிர் காலத்தில் பெரிய ஓதம் வரும்போது, மழையே இல்லாத வெயில் நாளில்கூட மியாமி பீச்சின் தெருக்களில் உப்புத் தண்ணீர் நிற்கும். அடியில் இருப்பது துளைத்துளையான சுண்ணாம்புப் பாறை. அதனால் கரையில் சுவர் கட்டினாலும் தண்ணீர் தரைக்கு அடியிலிருந்து மேலே வந்துவிடும். அப்படியிருக்க, நூறு வருடமாக மட்டமாகப் பார்க்கப்பட்ட மேட்டு நிலம் மதிப்புக்கு உரியதாகிவிட்டது. ஜெஸ்ஸி கீனன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருவரும் 2018-ல், மியாமி அடங்கிய மியாமி-டேட் மாவட்டத்து வீட்டு விலைகளை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மேட்டில் இருக்கும் சொத்துகளின் விலை வேகமாக ஏறும் போக்கைக் காட்டினார்கள். ‘காலநிலை ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்ற சொல் அதன்பிறகு எல்லோர் வாயிலும் புழங்கியது. அதே வருடம் மியாமி மாநகர ஆணையமும் இதை ஆராயச் சொல்லித் தீர்மானம் போட்டது.

என் கணிப்பைச் சொல்கிறேன். நம் குடும்பத்துக்கு வந்த கடிதத்துக்கு உடனடிக் காரணம் கடலைவிட டிசைன் டிஸ்ட்ரிக்ட்தான். இன்றைக்கு நிலம் வாங்குகிறவர் பக்கத்துத் தெருவின் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் முப்பது வருடக் கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தரையின் உயரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. அதனால் இந்த அழுத்தம் இனி குறைய வழியில்லை.

ஒரே தெரு, இரண்டு விதி

ஜென்ட்ரிஃபிகேஷன் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பத்திரம் யார் பெயரில் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எதிர்வீட்டில் இன்னொரு ஹெய்ட்டிக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் எண்பதுகளில் அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரி மதிப்பீடு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. 1992-ல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் அது. ஆகவே நிலவிலை நாலு மடங்கானாலும் அவர்களின் வரி மெதுவாகத்தான் ஏறும். விற்க நினைத்தால் நல்ல தொகை கைக்கு வரும்.

வாடகைக்கு இருப்பவருக்கு இப்படி எந்தக் கவசமும் இல்லை. வாடகை உச்சவரம்பு வைக்க உள்ளாட்சிகளுக்கு இருந்த சின்ன வாய்ப்பையும் ஃப்ளோரிடா 2023-ல் சட்டம் போட்டு நீக்கிவிட்டது. மாதா மாதம் நீளும் ஒப்பந்தமாக இருந்தால் வீட்டுக்காரர் காரணமே சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம். முன்பு 15 நாள் முன்னறிவிப்பு போதும். 2023-லிருந்து 30 நாள். வாடகை தரவில்லை என்றால் இன்னும் வேகம். மூன்று நாள் நோட்டீஸ், பிறகு வழக்கு. வழக்குத் தாள் கைக்கு வந்து ஐந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். வீட்டுக்காரர் கேட்கும் வாடகையை நீதிமன்றத்தில் கட்டினால்தான் பொதுவாக வாதமே எடுபடும். வார விடுமுறையும் அரசு விடுமுறையும் இந்த நாட்களில் சேராது என்பது மட்டும் ஆறுதல். மியாமி-டேட் மாவட்டத்தில் வாக்குச்சீட்டு க்ரியோலிலும் அச்சாகிறது. வீட்டுக்காரரின் கடிதம் ஆங்கிலத்தில்தான் வரும். பதினாலு வயது மகள் சட்டச் சொற்களை மொழிபெயர்த்துப் பாட்டிக்குச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போனால் அது சுமை என்பது அமெரிக்க அரசே வைத்திருக்கும் அளவுகோல். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து மாதம் 4,400 டாலர் சம்பாதித்தால் 1,300 என்பது அந்தக் கோட்டில் நிற்கும். 2,000 ஆனால் பாதியை நெருங்கிவிடும். வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால், மியாமியில் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, முன்பணம் என்று மூன்று மாதத் தொகையை ஒரே நேரத்தில் கேட்பது வழக்கம். ஆறாயிரம் டாலரை எங்கே போய்ப் புரட்டுவது?

சொந்த வீடு இருப்பவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. புயல் ஊர் என்பதால் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் தாறுமாறாக ஏறியிருக்கிறது. அதற்கு 3 சதவீத வரம்பெல்லாம் கிடையாது. வீட்டுக் கதவில் ‘ரொக்கம் தருகிறோம், இப்படியே விற்றுவிடுங்கள்’ என்று வாரத்துக்கு ஒரு சீட்டு செருகப்படுகிறது. இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டை வாங்கிய தாத்தா உயில் எழுதாமல் இறந்துபோகிறார். பிள்ளைகள் மியாமியில் இருவர், பாஸ்டனில் ஒருவர், ஹெய்ட்டியில் ஒருவர். பத்திரம் இன்னும் தாத்தா பெயரில். வாரிசுச் சான்று நீதிமன்றத்தில் முடியாதவரை அந்த வீட்டின் மேல் கடன் வாங்க முடியாது; புயலுக்குப் பிறகு உதவித்தொகை வாங்குவதும் சிரமம். கைமாறும்போது வரி மதிப்பீடும் பெரும்பாலும் சந்தை விலைக்குத் தாவிவிடும். அப்போது கதவில் செருகிய சீட்டு பெரிய உதவி மாதிரி தெரியும். உயில் எழுதுவது என்ற சின்ன வேலை எத்தனை குடும்பங்களின் நிலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கணக்கில் வராத இழப்பு

ஹெய்ட்டிக் கிராமங்களில் லாக்கு என்று ஒன்று உண்டு. ஒரு பொது முற்றம். அதைச் சுற்றி ஒரே வம்சத்தின் வீடுகள். சமையல், பிள்ளை வளர்ப்பு, சாமி கும்பிடுவது எல்லாம் அந்த முற்றத்தில். மியாமிக்கு வந்தவர்கள் சட்டப்படி தனித்தனி வீடுகளில் இருந்தாலும், தெருவையே ஒரு லாக்கு மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். அம்மா இரவு வேலைக்குப் போனால் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டில் சாப்பாடு. பாட்டி தேவாலயத்துக்கு நடந்தே போவார், வழியில் சந்திக்கும் பத்துப் பேரோடும் க்ரியோலில் பேசுவார்.

இன்னொன்று சோல். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 டாலர் போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தம் 2,000 டாலரையும் எடுத்துக்கொள்வார். வட்டி இல்லை, காகிதம் இல்லை. நம்பிக்கைக்குரிய ஒரு பெண்மணி நடத்துவார், அவரை மன்மான் சோல் என்பார்கள், சீட்டின் தாய். வங்கி கதவைத் திறக்காதவர்களுக்கு வங்கி இதுதான். ஊரிலிருக்கும் தம்பியின் பள்ளிக் கட்டணம், பழைய காரின் எஞ்சின், அவசர மருத்துவம் எல்லாம் இதிலிருந்து போகும். ஆனால் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் தினம் பார்க்கும் தூரத்தில் இருந்தால்தான் இது ஓடும். நாலு பேர் நாலு ஊருக்குப் போய்விட்டால் சீட்டு உடைந்துவிடும்.

குடும்பம் இடம் மாறும்போது அரசாங்கப் பதிவில் ஒரு முகவரி மாறுகிறது. நிஜத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சேமிப்பும் பாட்டியின் மொழியும் சேர்ந்து போகின்றன. புது இடத்தில் இவை ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சில விலைக்கும் கிடைக்காது. அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஓர் இழப்பு உண்டு. வாங்கிப் பழகிய கடை மூடிவிடும், முடிதிருத்தும் இடம் காபிக் கடை ஆகிவிடும், தெருவில் தன் மொழி கேட்காது. வீடு இருந்தும் ஊர் போய்விடுவது என்று இதைச் சொல்லலாம். ஆய்வாளர்கள் இதைப் பண்பாட்டு இடப்பெயர்வு என்கிறார்கள்.

பெயர் மாறுவது இதில் முதல் அடையாளம். வீட்டு விளம்பரங்களில் ‘லிட்டில் ஹெய்ட்டி’ மெதுவாகக் காணாமல் போய், ‘லிட்டில் ரிவர்’, ‘அப்பர் புவேனா விஸ்டா’, ‘மேஜிக் சிட்டி’ என்று வர ஆரம்பித்தது. ஹெய்ட்டி என்ற சொல்லைக் கேட்டால் வாங்குகிறவர் தயங்குவார் என்ற கணக்கு. அதனால்தான் மார்லீன் பாஸ்டியன் போன்ற சமூகத் தலைவர்கள் பெயருக்காகவே வருடக்கணக்கில் போராடினார்கள். அவர் 1991-ல் ஹெய்ட்டியப் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கியவர். 2022-ல் மாவட்ட ஆணையராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2016 மே மாதம் மாநகரம் எல்லைகளோடு லிட்டில் ஹெய்ட்டியை அதிகாரபூர்வமாக அறிவித்தது. ‘லெமன் சிட்டி’ என்ற பெயரை மறக்கக் கூடாது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2009-ல் அங்கே ஒரு கட்டுமானத்துக்குத் தோண்டியபோது மறந்துபோன ஒரு கல்லறைத் தோட்டம் வெளிப்பட்டது. 500-க்கும் மேற்பட்டோர், பலர் பஹாமாஸிலிருந்து வந்த கறுப்பின உழைப்பாளிகள். ஹெய்ட்டியர்களுக்கு முன்பும் அந்த மண்ணில் ஒரு கறுப்பின ஊர் இருந்து அழிந்திருக்கிறது.

முன்னேற்றம் வேண்டாமா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும், நேர்மையான கேள்விதான். 2019 ஜூனில் மாநகர ஆணையம் மேஜிக் சிட்டி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 18 ஏக்கர், 25 மாடி வரை கட்டடங்கள், 2,600 வீடுகள், கடைகள், அலுவலகங்கள். பக்கத்தில் இருப்பவை ஒரு மாடி வீடுகள். பதிலுக்கு 3.1 கோடி டாலரை லிட்டில் ஹெய்ட்டி மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றுக்குப் பல தவணைகளில் தருவதாகக் கட்டுமானக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். வேலை வரும், வரி வரும், வெளிச்சம் வரும் என்று ஆதரித்த ஹெய்ட்டியர்களும் உண்டு. கடை வைத்திருப்பவருக்குப் புது வாடிக்கையாளர் வேண்டும்தானே.

நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். தெருவிளக்கும் நல்ல பள்ளியும் அந்தக் குடும்பங்கள் நாற்பது வருடமாகக் கேட்டவை. அவை வரும்போது அனுபவிக்க அவர்கள் அங்கே இருக்க வேண்டும். அறக்கட்டளைக்குப் போகும் பணம் அடுத்த மாத வாடகைக் கடிதத்தை நிறுத்தாது.

ஆய்வுகளும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. நியூயார்க் உள்ளிட்ட இடங்களை ஆராய்ந்த லான்ஸ் ஃப்ரீமன், இப்படி மாறும் பகுதிகளில் இருக்கும் ஏழைக் குடும்பங்கள் மற்ற இடத்து ஏழைகளைவிட மிக அதிகமாக வெளியேறுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார். ஏழைகள் எங்கே இருந்தாலும் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். அதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, பாதிப்பே இல்லை’ என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1985-லேயே பீட்டர் மார்க்யூஸ் என்ற நகரவியலாளர் அதைச் சுட்டிக்காட்டினார். ஒரு குடும்பம் தானாகவே காலி செய்தாலும், அந்த இடத்துக்கு அதே மாதிரி இன்னொரு குடும்பம் இனி வர முடியாது. நேற்றுப் படகில் வந்தவருக்கு லிட்டில் ஹெய்ட்டி கதவைத் திறந்தது. இன்று வருபவர் அங்கே ஓர் அறைகூட எடுக்க முடியாது. துரத்துவது கண்ணுக்குத் தெரியும். நுழைய விடாமல் செய்வது தெரியாது.

வெளியே போன எல்லோரும் துரத்தப்பட்டவர்களும் இல்லை. கொஞ்சம் வசதி வந்ததும் பெரிய வீடு, நல்ல பள்ளி என்று வடக்கே நார்த் மியாமிக்கும் மிராமாருக்கும் விரும்பிப் போன ஹெய்ட்டியர்கள் ஏராளம். நார்த் மியாமியில் 2001-லேயே ஹெய்ட்டியில் பிறந்த ஒருவர் மேயராகிவிட்டார். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவருக்கும் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என்ன செய்ய முடியும் என்று கேட்டால், பல வழிகள் இருந்தாலும் எனக்கு அதிக நம்பிக்கை தருவது சமூக நில அறக்கட்டளை. மனை ஒரு லாப நோக்கமற்ற அமைப்பின் பெயரில் இருக்கும், அதை விற்க மாட்டார்கள். மேலே இருக்கும் வீட்டைக் குடும்பம் வாங்கும். விற்கும்போது அடுத்த எளிய குடும்பத்தால் வாங்க முடியும் விலைக்குத்தான் விற்கலாம். ஏறுவது நிலத்தின் விலை என்பதால், நிலத்தைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துவைப்பது நேரடியான மருந்து. ஆனால் விலை ஏறுவதற்கு முன்பே நிலம் வாங்கியிருக்க வேண்டும். இதைத் தவிர, வழக்கில் வாடகைதாரருக்கு இலவச வழக்கறிஞர், உயிலும் வாரிசுப் பத்திரமும் சரிசெய்து தரும் உதவி, கடைக்காரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் ஆகியவை உடனே பயன் தருபவை.

நம் குடும்பத்துக்கு வருவோம். அவர்களால் 2,000 டாலர் தர முடியவில்லை. மன்மான் சோல் இரக்கப்பட்டு இவர்களின் முறையை முன்னால் தள்ளிக் கொடுத்தார். மீதியைப் பாஸ்டனில் இருக்கும் உறவினர் அனுப்பினார். 62-வது தெருப் பக்கமிருந்து 125-வது தெருப் பக்கம், நார்த் மியாமியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். மாமரம் இல்லை. பாட்டி நடந்து போக அங்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா அவரைக் காரில் நோத்ர் தாம் தெய்ட்டிக்கு அழைத்துப் போகிறார். ஜனவரி 1-ம் தேதி, 1804-ல் ஹெய்ட்டி விடுதலை பெற்ற நாளுக்கான பூசணிக்காய் சூப்பை இந்த வருடமும் பெரிய பாத்திரத்தில்தான் வைத்தார்கள். பாதி மிஞ்சியது.

நார்த் மியாமியிலும் வளைகுடாப் பக்கம் 184 ஏக்கரில் சோலே மியா என்ற பெருந்திட்டம் எழும்பிக்கொண்டிருக்கிறது. புது வீட்டுக்கு ஒப்பந்தம் வந்தபோது அம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று விஷயத்தைத் தேடச் சொன்னார்: எத்தனை மாதத்துக்கு, வாடகை எப்போது ஏற்றலாம், இடையில் வீட்டை விற்றால் நாம் என்ன ஆவோம்.